மாசம் 300 ரூபாய்க்குள்ள கிரிக்கெட் கார்டு சேர்க்க வழி இருக்கா?

பெரம்பூர் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் பையன் ஏழாவது படிக்கிறான். ஐபிஎல் கார்டுன்னா உயிரு. ஸ்கூல் விட்டு வரும்போது பேப்பர் மில்ஸ் ரோட்டுல ஒரு ஃபேன்ஸி ஸ்டோர்ல பாக்கெட் வாங்குவான். 50 ரூபாய், உள்ள அஞ்சு கார்டு. போன வருஷம் பிரிக்கும்போது குதிப்பான். இப்போ அஞ்சுல நாலு ஏற்கெனவே இருக்கறதாவே வருது, முகம் சுருங்கிடுது. ஆனாலும் மறுநாள் இன்னொண்ணு கேக்கறான்.

அவங்க அப்பா மொத்தமா நிறுத்துங்கறார். எனக்கு மனசு வரல. கார்டுல இருக்கற ஸ்ட்ரைக் ரேட்டை, அதாவது நூறு பந்துக்கு எத்தனை ரன்னுங்கறதைப் பார்த்துத்தான் அவனுக்குச் சதவீதமே பிடிபட்டுது. ராத்திரி தரையில பரப்பி வெச்சு டீம் டீமா அடுக்குவான், அந்த நேரம் போன் பக்கமே போக மாட்டான். மாசம் 300 ரூபாய் என்னால ஒதுக்க முடியும், அதுக்கு மேல கஷ்டம். அதுக்குள்ள உருப்படியா சேர்க்க வழி இருக்கா? என் தம்பி, "வெச்சிரு, பின்னாடி லட்சத்துக்குப் போகும்"னு பையன்கிட்ட சொல்லிட்டிருக்கான், அது நிஜமா? இன்னொண்ணு, போன மழையில பளபள கார்டெல்லாம் வளைஞ்சுபோச்சு. அதுக்கும் ஏதாவது சொல்லுங்க.

திருவல்லிக்கேணி கார்டுக்காரன்:

மேடம், நிறுத்த வேண்டியது பாக்கெட்டைத்தான், சேர்க்கறதை இல்ல. இது ரெண்டும் வேற வேறன்னு பையனுக்குப் புரிஞ்சுட்டா 300 ரூபாய் தாராளம்.

நாலு கார்டு ஏற்கெனவே இருக்கறதா வருதுன்னு சொன்னீங்கல்ல, அது அவன் துரதிர்ஷ்டம் இல்ல, கணக்கு. 100 கார்டு இருக்கற ஒரு செட்டை எடுத்துக்கோங்க, எல்லா கார்டும் ஒரே அளவு அச்சடிச்சதுன்னே வெச்சுக்குவோம். முதல் 50 வேற வேற கார்டு சேர சராசரியா 69 கார்டு வாங்கினாப் போதும். அதனாலதான் ஆரம்பத்துல அவ்வளவு சந்தோஷம். ஆனா 100-ம் சேர சராசரியா 519 கார்டு வாங்கணும். கடைசி 10 கார்டுக்கு மட்டுமே கிட்டத்தட்ட 293. உங்க கடை விலைக்குக் கார்டு ஒண்ணு 10 ரூபாய், அப்போ அந்தப் பத்துக்கு 2,900 ரூபாய்க்கு மேல. அதையே தனித்தனியா யார்கிட்டயாவது ஒண்ணு 30 ரூபாய்னு வாங்கினாக்கூட 300-தான். இதுல பளபள கார்டைக் குறைச்சுத்தான் போடுவாங்க, அதையும் சேர்த்தா பாக்கெட் செலவு இன்னும் ஏறும். இந்தக் கணக்கை அவனையே உக்கார வெச்சுப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. சதவீதம் புரிஞ்ச பையனுக்கு இது நிச்சயம் பிடிக்கும்.

ஆக, பாதி செட் வர்ற வரைக்கும் பாக்கெட், அதுக்கப்புறம் மத்த பசங்களோட மாத்திக்கறது, கடைசிக் கொஞ்சத்துக்கு மட்டும் ஒத்தைக் கார்டா காசு கொடுத்து வாங்கறது. கார்டுல நம்பர் போட்டிருக்கும். ஒரு சின்ன நோட்டுல இல்லாத நம்பரை மட்டும் எழுதி ஸ்கூல் பையில வெச்சிருக்கணும். நோட்டு இல்லாம மாத்தப் போனா இருக்கறதையே திரும்ப வாங்கிட்டு வருவாங்க பசங்க.

அதைவிட முக்கியமா ஒண்ணு சொல்றேன். எல்லாத்தையும் சேர்க்க நினைக்காதீங்க. நான் தமிழ்நாட்டு ஆட்டக்காரங்களை மட்டும்தான் சேர்க்கறேன். பத்ரிநாத், முரளி விஜய், பாலாஜி, அஸ்வின், தினேஷ் கார்த்திக், விஜய் சங்கர், வாஷிங்டன் சுந்தர், நடராஜன், வருண் சக்கரவர்த்தி, சாய் சுதர்சன்னு எனக்கு இதுவே பெரிய உலகம். தினேஷ் கார்த்திக்கை எடுத்துக்கோங்க. டெல்லி, பஞ்சாப், மும்பை, பெங்களூரு, குஜராத் லயன்ஸ், கொல்கத்தான்னு ஐபிஎல்ல ஆறு டீமுக்கு ஆடியிருக்கார். ஒரே ஆளை எத்தனை ஜெர்சியில பிடிக்க முடியும்னு தேடறதே தனி சுகம். அஸ்வின் 2009-ல மஞ்சள்ல ஆரம்பிச்சு, புனே, பஞ்சாப், டெல்லி, ராஜஸ்தான்னு சுத்திட்டு 2025-ல மறுபடி மஞ்சளுக்கே வந்தார். இதுல காசு மிச்சமாகறதும் இருக்கு. தோனி, கோலின்னா அத்தனை பசங்களும் கை நீட்டுவாங்க. நடராஜன் கார்டை நாலு பேர் சும்மாவே கொடுத்துடுவாங்க. 2020-21 ஆஸ்திரேலியா டூர்ல நெட் பௌலரா, அதாவது பயிற்சியில பந்து போடறவரா போய் ஒரே டூர்ல மூணு ஃபார்மட்லயும் இந்தியாவுக்கு அறிமுகமான சேலத்துக்காரர் அவர். அந்தக் கார்டு என் ஆல்பத்துல முதல் பக்கத்துல இருக்கு, யார் கேட்டாலும் தர மாட்டேன்.

பழைய வருஷக் கார்டுக்கு, உங்க தெருவுலயும் சொந்தக்காரங்க வீட்டுலயும் இப்போ காலேஜ் போற பசங்களைக் கேளுங்க. பத்துப் பன்னண்டு வருஷம் முன்னாடி அவங்க சேர்த்தது பரண்ல ஷூ டப்பாவுல தூங்கும். மொத்தமா ஒரு விலை பேசி வாங்கினா கார்டு ஒண்ணுக்கு ரெண்டு மூணு ரூபாய்தான் விழும். தனக்கு வேண்டியதை எடுத்துட்டு மிச்சத்தை மாத்தலுக்கு வெச்சுக்கலாம்.

உங்க தம்பி சொல்றது பத்தி. 2022-ல அமெரிக்காவுல மிக்கி மேன்டில்ங்கற பேஸ்பால் ஆட்டக்காரரோட 1952 கார்டு, டாப்ஸ்ங்கற கம்பெனி போட்டது, ஒண்ணு 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு, உண்மைதான். ஆனா அந்த வருஷக் கார்டுல விக்காம தேங்கினதைக் கம்பெனியே பின்னாடி கடல்ல கொட்டுச்சு. மிச்சத்தைப் பசங்க கசக்கி, சைக்கிள் சக்கரத்துல சொருகி அழிச்சாங்க. அதனாலதான் தப்பினதுக்கு அந்த விலை. பழைய கார்டுக்கு விலை ஏறறதைப் பார்த்து 1980-களோட கடைசியிலயே அங்க எல்லாரும் பத்திரப்படுத்த ஆரம்பிச்சாங்க, கம்பெனிகளும் அச்சடிச்சுத் தள்ளுச்சு. அந்தக் காலத்துக் கார்டு பெரும்பாலும் இன்னைக்கு சல்லிக்காசுக்குப் போகுது. லட்சம் வரும்னு பையனை நம்ப வெச்சா, விளையாட்டு போய் ஏக்கம்தான் மிஞ்சும். தயவுசெஞ்சு அந்தப் பேச்சை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க.

அடையாறு ஆஃப் ஸ்பின்:

அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனா பாக்கெட்டை ஒரேயடியா நிறுத்தாதீங்க மேடம். உள்ள என்ன இருக்குன்னு தெரியாம பிரிக்கற அந்த நிமிஷமும் இந்தப் பொழுதுபோக்குல ஒரு பங்குதான். மாசம் ஒண்ணு, சம்பளத் தேதியில, அவனே தேர்ந்தெடுக்கட்டும்.

காசே செலவாகாத ஒரு வழி இருக்கு. டிஎன்சிஏ, அதாவது தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம், நடத்தற முதல் டிவிஷன் லீக் மேட்ச் எல்லாம் டிக்கெட் இல்லாமலே பார்க்கலாம். வேளச்சேரி குருநானக் காலேஜ் கிரவுண்ட் மாதிரி இடத்துல, ரஞ்சி ஆடறவங்க, ஐபிஎல் ஆடறவங்ககூட சில நாள் ஆடுவாங்க. கார்டை எடுத்துட்டுப் போய், ஆட்டம் முடிஞ்சதும் மரியாதையா கேட்டா கையெழுத்துப் போட்டுத் தருவாங்க. பால் பாயின்ட் பேனா வழவழப்பான கார்டுல வழுக்கும், பெர்மனென்ட் மார்க்கர் கொண்டு போங்க. மை காயறதுக்குள்ள உறையில போட்டுடாதீங்க, இழுத்துக்கும்.

அண்ணா நகர் ஆல்பம்:

வளையற விஷயத்துக்கு மட்டும் நான் சொல்றேன். பளபள கார்டுல ஒரு பக்கம் ஃபாயில், அடியில அட்டை. நம்ம ஊர்க் காத்துல இருக்கற ஈரத்தை அட்டை குடிச்சு விரியும், ஃபாயில் விரியாது. அதான் அப்பளம் மாதிரி வளையுது. அயர்ன் பாக்ஸ் பக்கம் கொண்டு போயிடாதீங்க. உறையில போட்டு, ரெண்டு தட்டையான அட்டைக்கு நடுவுல வெச்சு, மேல டெலிபோன் டைரக்டரி கனத்துக்கு புஸ்தகம் அடுக்கி, காத்துப் புகாத டப்பாவுல ஈரத்தை இழுக்கற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட ஒரு வாரம் விடுங்க. பெரும்பாலும் நேராகிடும்.

கார்டு அளவு ரெண்டரைக்கு மூணரை இஞ்ச். அதுக்குன்னே மெல்லிசா உறையும், ஒரு பக்கத்துக்கு ஒன்பது பாக்கெட் இருக்கற ஷீட்டும் ஆன்லைன்ல நூறு நூறா வரும். பாலிப்ரொப்பிலீன்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க. புது ரெயின்கோட் வாசனை அடிக்கற மெத்துன்னு இருக்கற பிவிசி கவர் வேண்டாம், நாளாக நாளாக கார்டுல ஒட்டி மேல்பூச்சை எடுத்துடும். ஷீட்டைக் கோர்க்கற ஃபைலை பாரிமுனை ஆண்டர்சன் தெருவுல வாங்கினா வெளியைவிட விலை குறைச்சல். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டறதை இன்னைக்கே நிறுத்துங்க. லேமினேஷன் கூடவே கூடாது.

பெரம்பூர் அம்மா:

ரொம்ப ரொம்ப நன்றி. 519 கணக்கைக் காட்டினேன். நம்பாம 1-லேர்ந்து 20 வரைக்கும் துண்டுச் சீட்டு எழுதி, குலுக்கிக் குலுக்கி எடுத்துப் பார்த்துட்டு உக்காந்திருக்கான். தமிழ்நாட்டு ஆட்டக்காரங்க யோசனை அவனுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, வாஷிங்டன் சுந்தர்லேர்ந்து ஆரம்பிக்கறானாம். ஒரே ஒரு சந்தேகம். தனியா கார்டு வாங்கும்போது போலியா இருந்தா எப்படிக் கண்டுபிடிக்கறது?

திருவல்லிக்கேணி கார்டுக்காரன்:

அதே செட்டுல கடையில வாங்கின கார்டு ஒண்ணைப் பக்கத்துல வெச்சுக்கோங்க. கனம், ஓரம் வெட்டின விதம், பின்பக்க நிறம் மூணும் ஒத்துப்போகணும். அப்புறம் ஒரு பூதக்கண்ணாடியில பேர் எழுதியிருக்கற கறுப்பு எழுத்தைப் பாருங்க. அசல்ல எழுத்து முழுசா ஒரே கறுப்பா, ஓரம் கூர்மையா இருக்கும். ஸ்கேன் பண்ணி அடிச்சதுல எழுத்துக்குள்ளயும் கலர் கலரா புள்ளி தெரியும். செல்போன் டார்ச்சை அடியில பிடிச்சாலும் ரெண்டு கார்டுலயும் வெளிச்சம் ஒரே அளவு வரணும். முப்பது ரூபாய் கார்டுக்கு யாரும் போலி அடிக்க மெனக்கெட மாட்டாங்க, கையெழுத்துப் போட்டதுன்னு ஆயிரக்கணக்குல கேட்டாத்தான் உஷாரா இருக்கணும்.

வாஷிங்டன் சுந்தர் புனே ஜெர்சியில என்கிட்ட ரெண்டு இருக்கு. 2017 சீசன், அவரோட முதல் ஐபிஎல். ஒண்ணை அவனுக்குத் தர்றேன், பதிலுக்கு அவன்கிட்ட ரெண்டு ரெண்டா இருக்கற நம்பரை எழுதி அனுப்பச் சொல்லுங்க.