பிரேக்கில் ஏர் எல்லாம் போன பிறகும் இறங்கிய பெடல்

பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப் துருப்பிடித்து, ஒரு கிளிப்புக்கு அடியில் கசிந்துகொண்டிருந்தது. பைப் மாற்றுவதுதான் பெரிய வேலை என்று நினைத்தேன். அது ஒரு மதியத்தில் முடிந்தது. ஏர் எடுக்க, அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற, இரண்டு நாள் ஆனது.

கழற்றும்போது ஒன்றை மட்டும் உருப்படியாகச் செய்தேன். பெடலைக் கொஞ்சம் அழுத்தி, ஒரு கட்டையை முட்டுக்கொடுத்தேன். அப்போது, மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் இறங்கும் துளை அடைபடும். திறந்து கிடக்கும் பைப் வழியே மேலே உள்ள ஆயில் டப்பா முழுக்க வடிந்துபோகாது.

ஏர் எடுக்க மகனைப் பெடலில் உட்காரவைத்தேன். சக்கரத்தில் காற்று வெளியேறத் திறக்கும் சின்னத் திருகுதான் நிப்பிள்; அதில் உள்ளே தெரிகிற டியூப். டியூபின் மறுமுனை பாட்டிலில் ஆயிலுக்குள் முங்கியிருந்தது. அவன் மிதித்ததும் நான் நிப்பிளைத் திறப்பேன்; அதை இறுக்கிவிட்டு ‘விடு’ என்று சொல்லும்வரை அவன் காலை எடுக்கக் கூடாது. பத்து தடவை ஒழுங்காகப் போனது. அப்புறம் கை வழுக்கி, “ஸ்பேனரை விட்டுட்டேன்டா, இரு” என்றேன். காருக்குள் இருந்தவன் காதில் ‘விடு’தான் விழுந்திருக்கிறது. டியூபில் வெளியேறிக்கொண்டிருந்த குமிழ் அத்தனையும் திரும்ப உள்ளே போயிற்று. “நீங்கதானேப்பா சொன்னீங்க” என்றான். அதற்குமேல் ‘ஒன்று’, ‘இரண்டு’ என்று மாற்றிக்கொண்டோம். இந்த வாக்குவாதத்தில் டப்பாவைக் கவனிக்கவில்லை. ஆயில் அடிமட்டத்துக்கு இறங்கி மாஸ்டர் சிலிண்டரே காற்றை இழுத்துவிட்டது. முதலிலிருந்து நான்கு சக்கரமும்.

மறுநாள் ஒரு குமிழ்கூட வரவில்லை. ஆனாலும் முதல் மிதிக்குப் பெடல் பாதிக்குமேல் இறங்கியது. இன்னும் ஏர் இருக்கிறது என்று நினைத்து ஒரு பாட்டில் புது ஆயிலை வீணாக்கினேன். பிறகு உறைத்தது: பெடல் தாழ்வாக இருந்ததே தவிர, ஏர் இருந்தால் அமுங்குகிற மாதிரி பஞ்சுபோல் அமுங்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். பெடல் மேலேயே நின்றது! பின் சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறதா என்று பார்க்க டிரம்மைக் கழற்றியபோது, ஷூ அட்ஜஸ்டரை நானேதான் தளர்த்தியிருந்தேன். ஷூ என்பது டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் கட்டை; ஹேண்ட் பிரேக் அதை டிரம்மோடு ஒட்டவைத்துவிடும். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையில் இருந்த இடைவெளிதான் பெடலைத் தின்றிருக்கிறது. அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தைச் சில பல் திருப்பியதும் சரியாகிவிட்டது.

* * *

சார், உங்கள் பதிவைப் படித்தேன். எனக்கு இதற்கு நேர்மாறு. பெடல் நிஜமாகவே பஞ்சு மாதிரி அமுங்கியது. டியூபிலோ குமிழே இல்லை. டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் முன்பக்கக் கேலிப்பர்கள் இரண்டையும் கழற்றி மாட்டியபோது இடது வலது மாறிவிட்டது. நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிட்டது. காற்று மேலே தங்கும், நாம் கீழே திறந்தால் ஆயில்தானே வரும்? பக்கத்து வீட்டுப் பையன் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவன்தான் கண்டுபிடித்தான்.

* * *

நீங்கள் மகனை உட்காரவைத்தீர்கள்; எனக்குத் துணைக்கு ஆள் கிடையாது. டப்பா மூடியைத் திறந்துவைத்து, நிப்பிளைத் தளர்த்தி, தானாகச் சொட்டவிடுவேன். நேரம் பிடிக்கும், ஆனால் யாரையும் திட்ட வேண்டியதில்லை. டப்பாவை மட்டும் அடிக்கடி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று: பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதிக்க விடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் வழக்கமாகப் போகாத இடத்தில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும்; அதில் உரசினால் சீல் கிழியும். என் வண்டியில் அப்படித்தான் ஆனது. வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை, மிதித்துப் பிடித்தால் பெடல் மெல்ல மெல்ல இறங்கியது. இப்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். டாட் 3, டாட் 4 என்ற பிரேக் ஆயில் வகைகள் இரண்டுமே பெயின்ட்டை உரித்துவிடும். என் பம்பரில் இன்னும் கைரேகை இருக்கிறது.