புதுப்பிப்பு: சின்ன நிலநடுக்கத்தில் பாறை எவ்வளவு உடைந்தது?

இமயமலையின் சின்ன நிலநடுக்கங்களில் பாறை உடைந்த அளவை எப்படிக் கணிக்கிறார்கள் என்று போன வாரம் கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது. அலைப்பதிவை அதிர்வெண்வாரியாகப் பிரித்து வரைந்தால் கோடு மட்டமாகப் போய், ஓரிடத்தில் மடங்கி இறங்கும். மட்டத்தின் உயரத்திலிருந்து நிலநடுக்கத்தின் பருமன். மடங்கும் அதிர்வெண்ணிலிருந்து உடைப்பின் அளவு; அது குறையக் குறைய உடைப்பு பெரிது. 1970இல் நிலநடுக்கவியலாளர் ஜேம்ஸ் புரூன் தந்த சூத்திரப்படி, குறுக்கலை (பாறையைப் பக்கவாட்டில் அசைத்துச் செல்லும் அலை) வேகம் நொடிக்கு 3.5 கி.மீ., மடிப்பு 5 ஹெர்ட்ஸ் என்றால் உடைந்த வட்டப் பரப்பின் ஆரம் சுமார் 260 மீட்டர். அழகான கணக்கு!

ஆனால் ஒரு சிக்கல். கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவுக்குப் பக்கத்துக் கல்குவாரியில் வெடி வைத்தால் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கும். இரண்டு ஊர் தள்ளி அத்தை வீட்டில் வெறும் ‘தொம்’தான். வேகமான அதிர்வை வழியிலுள்ள பாறை விழுங்கிவிடுகிறது. மலையின் நொறுங்கிய மேற்பாறையும் அப்படித்தான். அந்த இழப்பைத் திருத்தாமல் மடிப்பைப் படித்தால், மடிப்பு குறைந்த அதிர்வெண்ணில் விழுந்து, உடைப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.