சொந்தப் பாதிக்குள் ஓப்சைட் ப்ரீ கிக்கா?

மட்டக்குளி லெப்ட்விங்:
ஞாயிறு காலை நட்பு ஆட்டத்தில் எங்களைத் தோற்கடித்தது எதிரணி இல்லை, ரெபரிதான். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். எங்கள் பின்வரிசையிலிருந்து நீளமாக ஒரு போல் போனது. எங்கள் ஸ்ட்ரைக்கர் அப்போது நடுக்கோட்டைத் தாண்டி, அவர்களுடைய கடைசி டிபெண்டருக்கும் அப்பால் நாலைந்து அடி தள்ளி, அதாவது ஓப்சைட் நிலையில் நின்றான். மறுக்கவில்லை. காக்கைதீவுப் பக்கத்துக் கடல் காற்று தெரியும்தானே? போல் மேலே போய், திரும்பி எங்கள் பக்கமே விழுந்தது. அவன் ஓடி வந்து எங்கள் பாதிக்குள் வைத்துத்தான் அதை எடுத்தான். உடனே கொடி, விசில். அவர்கள் அங்கேயே போலை வைத்து ஒருவன் தட்ட, மற்றவன் தூக்கி அடிக்க, விங்கர் கோல் போட்டான். 1-0. சொந்தப் பாதியில் ஓப்சைட் கிடையாது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியுமே!

விசில்காரன், வெள்ளவத்தை:
தம்பி, பாதிதான் தெரியும். ரெபரி பார்ப்பது அவன் போலை எடுத்த இடத்தை அல்ல. உங்கள் டிபெண்டர் காலில் போல் பட்ட கணத்தில் அவன் எங்கே நின்றான் என்பதை. அப்போது அவன் ஓப்சைட் நிலையில் இருந்ததை நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்புறம் அவன் நடுக்கோட்டைத் தாண்டித் திரும்பி வந்தாலும் அந்த நிலை கழுவப்படாது. ஆனால் நிற்பது மட்டும் குற்றமில்லை. போலைத் தொட்டதும் குற்றமானது, தொட்ட இடத்தில் ப்ரீ கிக். தொடாமல் பின்னால் வந்த உங்கள் மிட்பீல்டருக்கு விட்டிருந்தால் விசிலுக்கே வேலையில்லை.

கொட்டாஞ்சேனைக் கிழவன்:
விசில்காரரே, நானும் இருபது வருடம் ஆடியவன். எங்கள் காலத்தில் ஆள் நின்ற இடத்தில்தான் போலை வைப்பார்கள். இது என்ன புதுக்கதை?

விசில்காரன், வெள்ளவத்தை:
அங்கிள் சொல்வதும் பொய்யில்லை. முன்பு சிலர் அப்படியும் சிலர் இப்படியும் கொடுத்தார்கள். 2016இல் விதியைத் திருத்தியபோது அந்தக் குழப்பத்தை எடுத்துவிட்டார்கள். குற்றம் நடந்த இடத்தில்தான், அது ஆடுபவனின் சொந்தப் பாதியாக இருந்தாலும்.

மட்டக்குளி லெப்ட்விங்:
அப்படியென்றால் விதியே அநியாயம். அவன் முன்னே நின்று அடைந்த இலாபம் ஒன்றுமில்லை, பின்வாங்கித்தானே வந்தான்? அதற்குத் தண்டனையாக எங்கள் கோலுக்கு இன்னும் கிட்டே கொண்டுவந்து வைக்கிறார்கள். சரி, அதை விடுங்கள். ரெபரி கையையே தூக்கவில்லை. ஓப்சைட்டுக்குக் கொடுப்பது இன்டிரெக்ட் ப்ரீ கிக், உதைத்த பிறகு இன்னொருவர் தொட்டால்தான் கோல், அதைக் காட்டக் கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். எங்கள் கீப்பர் குழம்பி நின்றான்.

விசில்காரன், வெள்ளவத்தை:
தூக்கியிருக்க வேண்டும். அது பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதனால் கோல் செல்லாமல் போகாது. கை தூக்காத நேரத்தில் போல் நேரே வலைக்குள் போயிருந்தால்தான் மறுபடி உதைக்கச் சொல்ல வேண்டும். கை தூக்கியிருந்து நேரே போனால் கோல் கிக். இங்கே இடையில் இரண்டு பேர் தொட்டார்கள். கீப்பர் குழம்பியதெல்லாம் கணக்கில் வராது.

கொட்டாஞ்சேனைக் கிழவன்:
உதைக்காத அணியை 9.15 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி, இரண்டாவது விசில் அடித்த பிறகல்லவா உதைக்க வேண்டும்?

விசில்காரன், வெள்ளவத்தை:
இல்லை அங்கிள். கார்ட் காட்டுவது, காயம், ஆள் மாற்றம் என்று ரெபரி நிறுத்தி வைத்தால்தான் விசிலுக்குக் காத்திருக்க வேண்டும். மற்றபடி போல் அசையாமல் இருந்தால் போதும், உதைக்கலாம். தூரம் கேட்பது உதைக்கிற அணியின் உரிமை. அவர்களுக்கு வேண்டாமென்றால் வேண்டாம்தான். விசில் கேட்டதும் கையை விரித்துக்கொண்டு லைன்ஸ்மனைத் திட்டப் போவதுதான் நம் பையன்களின் வியாதி. ஞாயிறும் அதுதான் நடந்திருக்கும்.

மட்டக்குளி லெப்ட்விங்:
மூன்று பேர் போனோம். சரி.

எதிரணி நம்பர் 4:
வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன், இனிச் சொல்லாவிட்டால் பாவம். மச்சான், அது காற்று இல்லை. என் தலை. போல் தூரத்திலிருந்து மெதுவாகத்தான் வந்தது, நன்றாகவே பார்த்தேன். முன்னால் நின்ற எங்கள் ஆளுக்குக் கொடுக்கத்தான் ஹெட் பண்ணினேன், சரியாகப் படாமல் உங்கள் பக்கம் போய்விட்டது.

விசில்காரன், வெள்ளவத்தை:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அப்படியானால் கதை வேறு. டிபெண்டர் தெரிந்தே போலை ஆடினால் முந்தைய ஓப்சைட் அழிந்துவிடும். சும்மா பட்டுத் தெறித்தால் அழியாது. 2021 ஐரோப்பிய நேஷன்ஸ் லீக் இறுதியில் பிரான்ஸின் எம்பாப்பே ஸ்பெயினுக்கு எதிராகப் போட்ட கோல் நினைவிருக்கிறதா? ஸ்பெயின் டிபெண்டர் எரிக் கார்சியா காலை நீட்டித் தொட்டதால் அது செல்லும் என்றார்கள். அந்தச் சண்டைக்குப் பிறகு 2022இல் விளக்கம் கொடுத்தார்கள்: தூரத்திலிருந்து வந்ததா, தெளிவாகப் பார்த்தானா, உடம்பைச் சரிப்படுத்த நேரம் இருந்ததா, வேகம் எப்படி என்று பார்க்க வேண்டும். நம்பர் 4 சொல்வதைப் பார்த்தால் எல்லாமே பொருந்துகிறது. போல் நினைத்த இடத்துக்குப் போகாதது ஒரு காரணமே இல்லை. நான் நின்றிருந்தால் ஆட்டத்தை விட்டிருப்பேன்.

மட்டக்குளி லெப்ட்விங்:
பார்த்தீர்களா! அப்போ கோல் செல்லாதுதானே?

விசில்காரன், வெள்ளவத்தை:
செல்லும். ப்ரீ கிக் எடுத்து ஆட்டம் தொடங்கிவிட்டால் அந்த முடிவை மாற்ற ரெபரிக்கே அதிகாரமில்லை. லைன்ஸ்மன் நின்றது மறுகரை ஓரத்தில், அந்தத் தலையை அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

எதிரணி நம்பர் 4:
அடுத்த ஞாயிறும் அதே மைதானம்தான். தலையில் தொப்பி போட்டு வரவா மச்சான்?