நெய்வேலி பக்கத்தில் சார்ஜ் போடும் காரும் இடுக்கியில் சார்ஜ் போடும் காரும் ஒன்றா?

வடலூர்க்காரன்:
அண்மையில் எலெக்ட்ரிக் கார் வாங்கினோம். மாடியில் நின்றால் நெய்வேலி அனல் மின் நிலையப் புகை தெரியும். தொடுபுழாவில் இருக்கும் மச்சானிடமும் அதே மாடல்தான். "என் கார் இடுக்கித் தண்ணீரில் ஓடுது, உன் கார் பழுப்பு நிலக்கரியில் ஓடுது" என்கிறார். நிஜமாகவே அவர் கார் சுத்தமா? இதற்குப் பெட்ரோல் காரே மேல் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

ஆரல்காற்று:
சார், கரண்டை அப்படி ஊர்வாரியாகப் பிரிக்க முடியாது. 2013 டிசம்பர் 31-ல் தென் மாநில கிரிட், அதாவது மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் மின்கம்பி வலை, மற்ற இந்தியாவோடு இணைந்தது. அன்றிலிருந்து நாடு முழுக்க ஒரே கிரிட். இடுக்கி 780 மெகாவாட் நிலையம், மாலை உச்ச நேரத்துக்குத்தான் பெரிதும் கைகொடுக்கிறது. கேரளம் தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. மச்சான் வண்டியிலும் நிலக்கரி உண்டு.

பெட்ரோல் விஷயம்: மத்திய மின்சார ஆணையக் கணக்கில் இந்திய கிரிட்டின் சராசரி, யூனிட்டுக்குச் சுமார் 0.72 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்றால் 11 கிலோ. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு 14 கிலோவுக்கு மேல் விடும். முழுக்க நிலக்கரிக் கரண்ட் என்றால்தான் இரண்டும் கிட்டத்தட்ட சமமாகும். பேட்டரி செய்வதும் பெட்ரோலைச் சுத்திகரிப்பதும் இதில் சேரவில்லை.

நான் சொல்ல நினைப்பது வேறு. எந்த ஊரில் போடுகிறோம் என்பதைவிட எந்த நேரத்தில் போடுகிறோம் என்று பாருங்கள். எங்கள் வீட்டைச் சுற்றி முப்பந்தல் காற்றாலைகள். வைகாசியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று இறங்கினால் புரட்டாசி வரை ஓயாது. அப்படி அடிக்கிற காற்றிலும், கிரிட் ஏற்க முடியாமல் சில நேரம் காற்றாலையை நிறுத்தச் சொல்கிறார்கள். இறக்கை சும்மா நிற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஊரே ஆபீஸ் விட்டு வந்து இரவு ஏழு மணிக்குப் பிளக்கைச் சொருகுகிறது. சூரியன் போய், தேவை உச்சத்தில் இருக்கும் நேரம் அது. அனல் நிலையங்களை ஏற்றித்தான் சமாளிக்க வேண்டும்.

மலைப்பாதை:
யூனிட் செலவும் ஊருக்கு ஊர் மாறும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் சுமார் 1900 மீட்டர் ஏற்றம். 1600 கிலோ கார் அந்த உயரம் ஏறவே 8 யூனிட் வேண்டும், சாலை ஓட்டத்துக்கு ஆவது தனி. இறங்கும்போது ரீஜென், அதாவது மோட்டாரே வண்டியின் வேகத்தைக் குறைத்துப் பேட்டரியை ஏற்றும் வசதி, அதில் ஒரு நல்ல பங்கைத் திருப்பித் தரும். ஆனால் ஊட்டியில் 100 சதவீதம் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். பேட்டரியில் இடமில்லாவிட்டால் ரீஜென் வேலை செய்யாது, முழுப் பாரமும் பிரேக்கில் விழும்.

வடலூர்க்காரன்:
நானும் இரவு ஏழுக்குத்தான் போடுகிறேன். ஆபீஸ் பார்க்கிங்கில் ஒரு 15 ஆம்ப் பிளக் இருக்கிறது. அது போதுமா?

ஆரல்காற்று:
தாராளமாகப் போதும். எர்த் சரியாக இருக்கிறதா என்று மட்டும் எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். அந்தப் பிளக்கில் மணிக்கு 3 யூனிட் ஏறும். காலை 10 முதல் மதியம் 3 வரை போட்டால் 15 யூனிட், 100 கிலோமீட்டர் ஓடலாம். சோலார் நன்றாக வருவதும் அந்த நேரத்தில்தான். மச்சானையும் பகலில் போடச் சொல்லுங்கள்.