புதுப்பிப்பு: களக்காட்டு மலையடிவாரத்துக் கல்குவாரி

எங்கள் ஊருக்கு மேற்கே காப்புக்காட்டை (சட்டப்படி அரசு பாதுகாக்கும் காட்டை) ஒட்டிய பொத்தையில், அதாவது சிறு பாறைக்குன்றில், கல்குவாரிக்கு விண்ணப்பித்திருப்பதையும், காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்ற விதி அதைத் தடுத்துவிடும் என்பதையும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். இரண்டாவது கூற்றைத் திருத்த வேண்டியிருக்கிறது.

2021 நவம்பரில் சிறுகனிமச் சலுகை விதிகளில் தமிழக அரசு சேர்த்த அந்தத் தடை காப்புக்காடுகளுக்கும் பொருந்தியது. 2022 டிசம்பரில் வந்த திருத்தமோ காப்புக்காடுகளை அதிலிருந்து நீக்கிவிட்டு, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம் ஆகியவற்றுக்கு மட்டுமே ஒரு கிலோமீட்டர் இடைவெளியை விட்டுவைத்தது. மலையிலிருந்து இறங்கும் மிளாவுக்கும் கரடிக்கும் இந்த வேறுபாடு தெரியாது என்பதால், இத்திருத்தம் தவறானது என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே, பொத்தைக்கு அருகிலுள்ள காடு 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்ததா என்பதே இப்போதைய கேள்வி. கடந்த ஞாயிறன்று பெரியப்பாவுடன் எல்லைக்கல்லைத் தேடிப் போனேன். உடைமுள்ளை விலக்கிப் பார்த்தபோது, பாசி படிந்த கல்லில் எண் பாதி அழிந்திருந்தது. அதற்குப் பத்தடி கீழே, பச்சையாற்றுக்கு இறங்கும் ஓடையில் இந்தக் கோடையிலும் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. "வெடி வச்சா இந்த ஊத்து திசை மாறிரும்டே" என்றார் பெரியப்பா. அவருடைய வாழைத் தோட்டத்துக்கு இந்த ஓடையை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது.

எல்லை வரைபடத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டிருக்கிறேன்; பதிலுக்கான காலக்கெடு 30 நாள்.