டெர்மினல் மெயிலில் அட்டாச்மென்ட்: அனுப்புவது சரி, திறப்பது?

முனையம்:
“ஃபைல் அனுப்பணும்னா மட், ஆல்பைன் மாதிரி டெர்மினல் மெயில் நிரல் எல்லாம் ஆகாது, பிரவுசருக்குப் போங்க” என்ற பேச்சு அடிக்கடி கண்ணில் படுகிறது. இதை நான் ஏற்கவில்லை. எந்த நிரலில் எழுதினாலும் மடலைக் கட்டும் முறை ஒன்றுதான்: 1992இல் வந்த மைம். மட்டில் இது ஒரே வரி:

மட் -எஸ் "மாத அறிக்கை" -ஏ அறிக்கை.பிடிஎஃப் படம்.ஜேபிஜி -- பெறுபவர் முகவரி

முகவரிக்கு முன்னால் தனியாக நிற்கிற இரட்டைக் கோடு கட்டாயம். அதை விட்டால் முகவரியையும் இன்னொரு ஃபைல் பெயராக எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று நின்றுவிடும். ஸ்கிரிப்டில் ஓட்டினால் மடலின் உரையை ஒரு ஃபைலிலிருந்து உள்ளே திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் எடிட்டர் திறந்துகொண்டு காத்திருக்கும். பிரவுசரில் பத்து கிளிக் ஆகிற வேலை இது.

வெண்பலகை:
அனுப்புவதில் எனக்குச் சண்டையில்லை. வந்ததைத் திறப்பதைப் பேசுங்கள். மட்டில் ‘வி’ அழுத்தினால் பட்டியல் வரும், எண்டர் தட்டினால் மெயில்கேப் ஃபைலில் அந்த வகைக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதை ஓட்டும். ஒன்றும் எழுதவில்லை என்றால் பிடிஎஃப் திறக்காது. சரி என்று, கணினியின் இயல்பான நிரலில் ஃபைலைத் திறக்கச் சொல்லும் எக்ஸ்டிஜி-ஓப்பனை எழுதி வைத்தால் அடுத்த கோளாறு: பார்வை நிரல் எழும்பி, “ஃபைல் காணவில்லை” என்கிறது. புதிதாக வருகிறவர் இங்கேதான் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

முனையம்:
குறை சொல்ல மாட்டேன், காரணத்தைச் சொல்கிறேன். மட் அட்டாச்மென்ட்டை ஒரு தற்காலிக ஃபைலாக எழுதி, நிரலை ஓட்டி, நிரல் முடிந்ததும் அந்த ஃபைலை அழித்துவிடும். எக்ஸ்டிஜி-ஓப்பன் வேலையை வேறொரு நிரலிடம் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடுகிறது. பார்த்து முடித்தாயிற்று என்று மட் நினைத்து ஃபைலை அழிக்கிறது. ஏற்கெனவே திறந்திருக்கிற பிரவுசருக்கும் இதே கதிதான். மூடும்வரை முன்னால் நிற்கிற நிரலை, உதாரணத்துக்கு ஜதுரா என்ற பிடிஎஃப் பார்வை நிரலை, மெயில்கேப்பில் நேரடியாக எழுதுங்கள்:

அப்ளிகேஷன்/பிடிஎஃப்; ஜதுரா %எஸ்

ஃபைல் பெயர் வந்து உட்காரும் அந்த %எஸ்-ஐச் சுற்றி மேற்கோள் குறி போடாதீர்கள், மட் தானே பாதுகாப்பாகப் போட்டுக்கொள்ளும்.

பிடிஎஃப் என்று தெரிந்தும் திறக்கவில்லையா? அனுப்பியவரின் நிரல் அதற்கு ‘ஆக்டெட்-ஸ்ட்ரீம்’ என்று பொதுவான வகையைப் போட்டிருக்கும். மட்டின் அமைப்பில் மைம்_லுக்கப் வரியில் அந்த வகையைச் சேர்த்தால், பெயரின் பின்னொட்டைப் பார்த்துச் சரியான வகையைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

வெண்பலகை:
எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலுள்ள சர்வரில் உட்கார்ந்து மெயில் பார்க்கிறவருக்கு ஜதுரா எப்படித் திறக்கும்? அங்கே திரையே இல்லையே. அனுப்பும்போதும் அதே தொல்லை. உங்கள் கணினியில் இருக்கிற ஃபைலை முதலில் எஸ்சிபி போட்டு சர்வருக்கு ஏற்ற வேண்டும், அப்புறம்தான் மட்டுக்கு அது கண்ணில் படும்.

முனையம்:
அது உண்மை, ஏற்றத்தான் வேண்டும். பார்ப்பதற்கு வழி உண்டு: பிடிஎஃப் வகைக்கு, எழுத்தை மட்டும் பிரித்தெடுக்கும் பிடிஎஃப்டுடெக்ஸ்ட்டை -லேஅவுட் சேர்த்து மெயில்கேப்பில் எழுதி, வரியின் முடிவில் ‘காப்பியஸ்அவுட்புட்’ போடுங்கள். எழுத்து மட்டும் மட்டுக்குள்ளேயே ஓடும். ஹெச்டிஎம்எல் மடலுக்கு, டெர்மினல் பிரவுசரான டபிள்யூ3எம் -டம்ப் அதே மாதிரி. தொலைவிலுள்ள படங்களை அது இறக்காது என்பதால், மடலைத் திறந்ததை வேவு பார்க்கிற ஒற்றைப் புள்ளிப் படங்களும் வேலை செய்யாது. இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த தமிழ் பிடிஎஃப் என்றால் வெளியே வருவது ஆங்கில எழுத்துக் குவியல்தான். அதை ‘எஸ்’ அழுத்திச் சேமித்து, உங்கள் கணினிக்குக் கொண்டுவந்துதான் பார்க்க வேண்டும்.

நாணல்:
இருவரும் மட்டையே சுற்றி வருகிறீர்கள். மடல்கள் சர்வரிலேயே இருக்கும் ஐமேப் கணக்கில் மட் ஒரு மடலைத் திறந்தால் இணைப்போடு சேர்த்து முழுவதையும் இறக்கும். ஆல்பைன் மடலின் அமைப்பை மட்டும் கேட்டு, நீங்கள் தேர்ந்தெடுத்த பகுதியைத்தான் இறக்குகிறது. 20 எம்பி இணைப்புள்ள மடலில் இரண்டு வரி உரையைப் படிக்க ஆல்பைனில் காத்திருக்கவே வேண்டாம். மெதுவான இணையத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஆல்பைனில் ஃபைல் இணைப்பதும் எளிது: கன்ட்ரோல்-ஜே. ஆனால் கர்சர் மேலே, பெறுநர், தலைப்பு வரிகள் உள்ள பகுதியில் இருக்க வேண்டும். உரைப் பகுதியில் அதே விசை பத்தியை ஒழுங்குபடுத்தும் விசை. கோப்பு கேட்காமல் வரிகள் இடம் மாறினால் கர்சர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

முனையம்:
நாணல் சொன்னது சரி. மட்டில் இறக்கிய மடலைச் சேமித்து வைக்கும் மெசேஜ்_கேஷ்டிர் அமைத்தால் இரண்டாம் முறை இறக்காது, முதல் முறை இறக்கித்தான் தீரும்.

வெண்பலகை:
ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘மெயில்’ என்ற ஒரே கட்டளைக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு நிரல்கள் இருக்கலாம். எஸ்-நெய்லில் சின்ன -ஏ என்றால் அட்டாச்மென்ட். க்னூ மெயில்யூட்டில்ஸில் அட்டாச்மென்ட்டுக்குப் பெரிய -ஏ. சின்னது மடலின் தலைப்பகுதியில் ஒரு வரியைச் சேர்க்கும். டெபியனின் பிஎஸ்டி-மெயில்எக்ஸிலும் சின்ன -ஏ தலைப்பகுதி வரிதான். ஒரு சர்வரில் ஓடின ஸ்கிரிப்ட்டை இன்னொன்றுக்கு மாற்றினால் மடல் போகும், ஃபைல் போகாது. சிலர் ஃபைலை எழுத்துகளாக மாற்றும் யூயூஎன்கோடில் உரைக்குள்ளேயே திணிக்கிறார்கள். அது மைம் இல்லை, பெறுபவர் ‘எம்’மில் தொடங்கும் குப்பை வரிகளைப் பார்ப்பார்.

அடுத்து தமிழ்ப் பெயர்கள். ‘அறிக்கை’ என்பதில் 7 யூனிகோட் குறிகள், 21 பைட். விதிப்படி சதவீதக் குறியோடு எழுதினால் 63 எழுத்தாக விரியும். பெயரை வேறு முறையில் எழுதி அனுப்புகிற நிரல்களிலிருந்து வந்தால், சமமும் கேள்விக்குறியுமாக ஒரு நீளச் சரம்தான் பெயராக நிற்கிறது.

முனையம்:
மட்டின் அமைப்பில் ஆர்எஃப்சி2047_பாராமீட்டர்ஸ் ‘யெஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள், அந்தச் சரம் பெயராக மாறிவிடும். அனுப்பும்போது பெறுபவர் பக்கம் சந்தேகமாக இருந்தால் அனுப்பும் திரையில் கன்ட்ரோல்-ஓ அழுத்தி ஆங்கிலப் பெயர் கொடுங்கள். வட்டில் உள்ள ஃபைலின் பெயர் மாறாது.

ஸ்கிரிப்டில் மெயில் கட்டளையை விட்டு மட்டையே எழுதினால் அந்த -ஏ குழப்பமே இல்லை.

அளவையும் சொல்லிவிடுகிறேன். அட்டாச்மென்ட்டை எழுத்துகளாக மாற்றும் பேஸ்64 முறையில் 3 பைட்டுக்கு 4 எழுத்து. 76 எழுத்துக்கு ஒருமுறை வரி முடிகிறது. மொத்தத்தில் ஏறக்குறைய 37 சதவீதம் கூடும். சர்வரின் வரம்பு 25 எம்பி என்றால் 18 எம்பி ஃபைல்தான் போகும். லாக் ஃபைல்களை எப்போதும் ஜிஜிப்பில் சுருக்கி அனுப்புங்கள். அளவு குறையும், தவிர, வெறும் உரையாகப் போனால் வழியில் வரிமுடிவுகள் மாறி, ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்கும் செக்சம் ஒத்துப்போகாமல் போகலாம்.

நாணல்:
இணைக்க மறப்பவர்களுக்கு: உரையில் இணைப்பைப் பற்றி எழுதிவிட்டு ஃபைலை இணைக்காவிட்டால் எச்சரிக்க மட்டில் அபார்ட்_நோஅட்டாச் உண்டு. ஆனால் அது இயல்பாகத் தேடுவது ‘அட்டாச்’ என்ற ஆங்கிலச் சொல்லைத்தான். தமிழில் எழுதுபவர்கள் அதன் ரெஜெக்ஸில், அதாவது தேட வேண்டியதைச் சொல்லும் வரியில், ‘இணைத்த’, ‘இணைப்ப’ இரண்டையும் சேர்த்தால்தான் எச்சரிக்கும்.

வெண்பலகை:
சேர்க்கலாம். ஆனால் எண்ணிப் பாருங்கள்: மெயில்கேப், மைம்_லுக்கப், பெயருக்கு ஒரு அமைப்பு, கேஷுக்கு ஒன்று, ரெஜெக்ஸ் ஒன்று. ஐந்தும் நிரலோடு சரியாகவே வந்திருக்க வேண்டியவை. அனுப்புகிற வேலைக்கு, அதுவும் ஸ்கிரிப்ட்டுக்கு, மட்டைத் தாராளமாகச் சொல்வேன். தினமும் பத்து பிடிஎஃப் வருகிற ஒருவருக்கு இன்றும் சொல்ல மாட்டேன்.

முனையம்:
அவருக்கு நான் சொல்வேன். அந்த ஐந்து வரியையும் தனி இழையில் போடுகிறேன், ஓட்டிப் பார்த்து எது உடைகிறது என்று அங்கே எழுதுங்கள்.