பழைய கணக்கு இல்லாமல் மன்றப் பதிவைச் சரிசெய்ய முடியுமா?

குமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில் உள்ள எங்கள் இளைஞர் மன்றத்தின் வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் 1994-இல் பதிந்த மன்றம். பழைய தலைவர் காலமாகிவிட்டார், பொருளாளர் துபாயில். புது நிர்வாகிகள் கையெழுத்துப் போட, நிர்வாகிகள் மாற்றத்தைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் படிவம் 7-இன் சான்று நகல் வேண்டும் என்கிறது வங்கி. நிலுவை ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்தால்தான் அந்தப் படிவத்தையே வாங்குவோம் என்கிறது பதிவு அலுவலகம். 2017 நவம்பர் ஒக்கிப் புயலில் வாசகசாலை ஓடு பறந்து, கணக்கு நோட்டும் மினிட் புத்தகமும் நனைந்து கூழாகிவிட்டன.

பொதுக்குழு கூட்டித் தீர்மானம் போட்டாயிற்று. பதிவுச் சான்று, துணைவிதி நகல்கள் கையில் உண்டு. வங்கி அறிக்கை 2015 முதல் கிடைத்தது. ஆனால் ஓண விளையாட்டுக்குப் பிரித்த பணம் ரொக்கமாக வந்து ரொக்கமாகவே போனது (வடம் இழுத்ததற்கு யார் ரசீது வைப்பார்கள்?). ரசீது இல்லாமல் கையெழுத்துப் போட ஆடிட்டர் மறுக்கிறார். புது மன்றம் தொடங்கச் சொல்கிறார்கள். ஆனால் வாசகசாலை நிற்கும் 3 சென்ட் நிலம் பழைய மன்றத்தின் பெயரில் இருக்கிறதே!

வங்கி அறிக்கையும் பொதுக்குழுத் தீர்மானமும் மட்டும் வைத்து நிலுவைக் கணக்கைத் தாக்கல் செய்தவர்கள் யாராவது இருந்தால், எப்படிச் செய்தீர்கள்?